குப்பி விளக்கின் கரியும் வானத்தின் கணக்கும்

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தின் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்விளக்குகள் அணைந்தன. மண்ணெண்ணெய்க்குப் பெருந்தட்டுப்பாடு நிலவிய அந்நாட்களில், ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சை இட்டு, அது நனையும் அளவுக்கே எண்ணெய் ஊற்றித் திரி கொளுத்திப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தலைமுறையினர் நாம். விடியற்காலையில் பிள்ளையின் மூக்கைத் துடைத்தால் துணி கறுக்கும். விளக்கு மாடத்தின் மேல், சுவரில் நீண்டு படிந்த கரிக்கோடு எம்மிற் பலருக்கு இன்றும் மறக்கவில்லை.

சுவரிற் படிந்த கரியை நாம் கண்டோம். படியாமல் யன்னல் வழியே வெளியேறிய கரி எங்கே சென்றது என்று அப்போது எவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு வேறு கவலைகள் இருந்தன. ஆயினும் அதே காலத்தில், இன்று நாம் வாழும் ஜேர்மனியில், மைன்ஸ் நகரிலும் ஹம்பேர்க் நகரிலும், அந்தக் கேள்வியையே தமது ஆய்வாகக் கொண்ட விஞ்ஞானிகள் இருந்தனர். அவர்களது கணக்கில் எமது அடுப்பும் விளக்கும் மழையும் இடம்பெற்றுள்ளன. அக்கணக்கு எவ்வாறு போடப்படுகிறது, அது எமக்குச் சொல்வது யாது என்பதை இங்கு நோக்குவோம்.

கரி என்பது யாது?

எந்த எரிபொருளும் முழுமையாக எரிந்தால் எஞ்சுவது பெரும்பாலும் காபனீரொட்சைட்டும் நீராவியுமே. காற்றுப் போதாமல், வெப்பம் போதாமல் அரைகுறையாக எரியும்போதுதான் புகைக்கரி பிறக்கிறது. பழைய டீசல் இயந்திரம், செங்கற்சூளை, ஈரவிறகு வைத்த அடுப்பு, கண்ணாடிச் சிமினி இல்லாத திரிவிளக்கு ஆகியன இதன் பிறப்பிடங்கள். நன்கு அமைக்கப்பட்ட பெரிய அனல்மின் நிலையம் காபனீரொட்சைட்டைப் பெருமளவில் வெளியேற்றினாலும், புகைக்கரியைப் பொறுத்தவரை ஊரெங்கும் பரந்து கிடக்கும் சிறு நெருப்புகளே அதனினும் பெரிய குற்றவாளிகள்.

ஒரு கரித்துகள் தலைமயிரின் தடிப்பில் நூற்றுக்கணக்கில் ஒரு பங்கே இருக்கும். அதன் கருமையே அதன் வலிமை. வளிமண்டலத்தில் மிதக்கும் துகள்களிற் பல, சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிப் பூமியைக் குளிர்விப்பன. கந்தகப் புகையிலிருந்து உருவாகும் சல்பேற்றுத் துகள்கள் அவ்வகையின. புகைக்கரியோ ஒளியை விழுங்கிச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குகிறது. அதனால் நிலத்திற்கு வரும் ஒளி குறைகிறது. பனியின்மேல் விழுந்தால் வெண்பனியைக் கறுக்கச் செய்து உருக்குகிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. காபனீரொட்சைட்டின் ஒரு பகுதி வளிமண்டலத்தில் நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தங்கிவிடும். புகைக்கரியின் ஆயுளோ சில நாட்கள், மிஞ்சினால் ஒரு கிழமை அளவு. அடுத்த மழை அதைக் கழுவிவிடும். ஆகவே இன்று எரிப்பதை நிறுத்தினால் இம்மாதமே வானத்தில் அதன் பயன் தெரியும். இவ்வளவு குறுகிய ஆயுளுடைய ஒரு பொருளுக்காக இத்தனை ஆய்வு ஏன் என்பதற்கும் விடை இதுவே.

மைன்ஸில் எழுந்த கேள்வி

மைன்ஸ் நகரிலுள்ள மக்ஸ் பிளாங்க் இரசாயன நிறுவனத்தில் 1980 ஆம் ஆண்டு முதல் 2000 ஆம் ஆண்டு வரை வளிமண்டல இரசாயனத் துறையை நடத்தியவர் போல் குறூற்சன். ஒல்லாந்தில் பிறந்த அவர் ஓசோன் பற்றிய ஆய்வுக்காக 1995 ஆம் ஆண்டு இரசாயனத்திற்கான நோபல் பரிசை மற்றும் இருவருடன் பகிர்ந்துகொண்டார். 2021 ஆம் ஆண்டு மைன்ஸில் காலமானார்.

அமெரிக்கரும் சோவியத்தினரும் ஐரோப்பாவின் இரு பக்கமும் அணுவாயுதங்களைக் குவித்திருந்த 1982 ஆம் ஆண்டில், அவரும் ஜோன் பேர்க்ஸ் என்பவரும் சேர்ந்து சுவீடனின் அம்பியோ சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினர். அணுகுண்டின் வெடிப்பையும் கதிர்வீச்சையும் மட்டுமே எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, எரியும் காடுகளிலும் நகரங்களிலும் இருந்து எழும் புகை சூரியனை மறைத்தால் நடுப்பகல் அந்தியாகிவிடும், பயிர்கள் விளையா, போரிற் தப்பியவர் பட்டினியால் மடிவர் என்று அவர்கள் எச்சரித்தனர். பின்னர் அணுக்குளிர்காலம் என்று பெயர்பெற்ற கருத்தின் தொடக்கம் அது. புகைக்கரியால் உலகத்தின் காலநிலையே மாறக்கூடும் என்ற எண்ணம் அன்றே அறிவுலகில் வேரூன்றியது.

குவைத்தின் புகையும் எங்கள் மழையும்

ஒன்பது ஆண்டுகள் கழித்து அக்கேள்வி உண்மையான நெருப்பாகவே எதிரில் வந்து நின்றது. 1991 ஆம் ஆண்டு வளைகுடாப் போரில், பின்வாங்கிய ஈராக்கியப் படைகள் குவைத்தின் 600 இற்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தன. இறுதிக் கிணறு அணைக்கப்பட்டபோது நவம்பர் மாதம் ஆகிவிட்டது. இந்தப் புகை மேலெழுந்து பரவி ஆசியாவின் பருவமழையைப் பொய்க்கச் செய்யும் என்று அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகன் உட்பட விஞ்ஞானிகள் சிலர் அஞ்சினர். பருவமழை பொய்த்தால் அதன் பொருள் என்ன என்பதை விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்த எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

ஹம்பேர்க்கில் உள்ள மக்ஸ் பிளாங்க் வானிலையியல் நிறுவனத்தின் ஸ்ரெபான் பாக்கனும் அவருடன் பணியாற்றியோரும், கிணறுகள் எரிந்துகொண்டிருக்கும்போதே அதைக் கணினியிற் கணித்தனர். கரியின் பயணத்தையும் அது ஒளியை விழுங்குவதையும் காலநிலை மாதிரியுருவுக்குள்ளேயே சேர்த்து அவர்கள் கண்ட முடிவு, அவ்வாண்டே நேச்சர் சஞ்சிகையில் வெளிவந்தது. வளைகுடாப் பகுதியில் நிலத்தின் வெப்பநிலை ஏறக்குறைய 4 பாகை செல்சியஸ் குறையும். அதற்கு வெளியே மாற்றம் சிறிதே. இந்தியப் பருவமழை தளராது என்பதே அது. நடந்ததும் பெரும்பாலும் அதுவே. புகை வளிமண்டலத்தின் மேற்படைக்கு ஏறவில்லை; கீழ்ப்படையிலேயே நின்று கழுவப்பட்டுப் போயிற்று.

அன்று கோடிக்கணக்கான மக்களின் அச்சத்துக்கு எதிரே நின்றது ஒரு கணக்கு. அது ஊகத்தை ஊகத்தால் மறுக்கவில்லை. எவ்வளவு கரி, எவ்வளவு உயரம், எத்தனை நாள் என்று அளந்து மறுத்தது. புகைக்கரி மாதிரியுருவின் பெறுமதி இதுதான்.

கணக்கு எவ்வாறு போடப்படுகிறது?

ஹம்பேர்க் நிறுவனம் 1975 ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அதன் முதற் பணிப்பாளர் கிளவுஸ் ஹசெல்மான் 2021 ஆம் ஆண்டு பௌதிகத்திற்கான நோபல் பரிசு பெற்றோரில் ஒருவர். அங்கு உருவான எக்காம் என்னும் காலநிலை மாதிரியுருவுடன், நுண்துகள்களைக் கணிக்கும் பகுதி ஒன்று சேர்க்கப்பட்டு 2005 ஆம் ஆண்டு விரிவாக வெளியிடப்பட்டது. எக்காம்-ஹாம் என்பது அதன் பெயர்.

உலகைச் சூழ்ந்த வளியைப் பெட்டி பெட்டியாகப் பிரிப்பதே முதல் வேலை. 2005 ஆம் ஆண்டின் அம்மாதிரியுருவில் ஒரு பெட்டியின் பக்கம் ஏறக்குறைய 200 கிலோமீற்றர். கீழிருந்து மேலாக 31 அடுக்குகள். முழு இலங்கையும் அவ்வாறான சில பெட்டிகளுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு பெட்டியிலும் காற்று, ஈரம், வெப்பம் ஆகியவற்றுடன் சல்பேற்று, புகைக்கரி, சேதனப் பொருள், கடலுப்பு, மண்தூசி ஆகிய ஐவகைத் துகட்பொருட்களும், துகளின் பருமனுக்கும் நீரை ஏற்கும் தன்மைக்கும் ஏற்ப ஏழு வகுப்புகளாகக் கணிக்கப்படுகின்றன. சில நிமிடங்களுக்கு ஒருமுறை என்ற கணக்கில், பல ஆண்டு காலத்துக்கு இக்கணிப்பைத் தொடரவேண்டும். 1987 ஆம் ஆண்டு ஹம்பேர்க்கில் நிறுவப்பட்ட ஜேர்மன் காலநிலைக் கணிப்பு நிலையத்தின் மாபெருங் கணினிகள் இத்தகைய வேலைக்கென்றே உள்ளன.

இதில் முதலாவது இடர், கரி எவ்வளவு பிறக்கிறது என்பதை அறிவது. ஒரு நாட்டில் விற்பனையான டீசலுக்குக் கணக்குண்டு. எங்கள் அம்மாமார் வளவுக்குள் பொறுக்கிய காவோலைக்கும் கொக்கறைக்கும் பொச்சுமட்டைக்கும் எந்த அலுவலகத்திற் கணக்குண்டு? அதைக் குடும்பங்களின் தொகையையும் சமையற் பழக்கத்தையும் கொண்டு மதிப்பிடவே முடியும். இலங்கையில் 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது முக்காற்பங்குக்கு மேற்பட்ட குடும்பங்கள் விறகிலேயே சமைத்தன என்பதை நினைவிற் கொண்டால், இம்மதிப்பீட்டிற் சிறிது பிழைத்தாலும் விடை எவ்வளவு மாறும் என்பது விளங்கும்.

இரண்டாவது இடர், கரி எப்போது கழுவப்படும் என்பது. புதிதாகப் பிறந்த கரியில் ஈரம் ஒட்டாது. தாமரையிலைத் தண்ணீர் போன்றதே அது. காற்றிற் பயணம் செய்கையில் சல்பேற்று முதலியன அதன்மேற் படிந்து போர்த்தபின்னரே நீரை ஏற்கும் தன்மை பெறுகிறது. அதன்பின் முகிற்துளியாகி மழையுடன் இறங்குகிறது. அந்தப் போர்வை கரி ஒளியை விழுங்கும் திறனையும் கூட்டக்கூடும். மாதிரியுரு இவ்வாறு முதிர்வதைத் தாமதமாகக் கணித்தால் கரி வானத்தில் அதிக நாள் தங்கும். வெப்பமும் மிகையாகத் தோன்றும்.

மூன்றாவதும் கடினமானதுமான இடர் முகில். கரி சூடாக்கிய காற்றில் முகில் கரைந்து போகலாம். கரிக்குக் கீழே முகில் தடித்தும் நிற்கலாம். முன்னையது வெப்பத்தைக் கூட்டும், பின்னையது குறைக்கும். மேற்சொன்ன ஒரு பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான முகில்கள் அடங்கும் என்பதால் அவற்றை ஒவ்வொன்றாகக் கணிக்க இயலாது. சராசரியாகவே கணிக்க வேண்டியுள்ளது.

மாலைதீவுக்கு மேலே

இனி எமது கடலுக்கு வருவோம். 1999 ஆம் ஆண்டு சனவரி முதல் மார்ச் வரை இந்து சமுத்திரத்தின் மேல் ஒரு பெரும் ஆய்வு நடந்தது. மாலைதீவைத் தளமாகக் கொண்டு விமானங்களும் கப்பல்களும் பலூன்களும் இறங்கின. இன்டோயெக்ஸ் எனப்பட்ட அம்முயற்சிக்குத் தலைமை தாங்கிய இருவரில் ஒருவர் மைன்ஸின் குறூற்சன். மற்றவர் தமிழ்நாட்டிற் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் கற்ற வீரபத்திரன் இராமநாதன். இளமையில் செகந்திராபாத்தில் குளிரூட்டிப் பெட்டி தயாரிக்கும் தொழிலகம் ஒன்றிற் பணியாற்றியவர் அவர். பின்னர் அமெரிக்கா சென்று, அதே குளிரூட்டிகளிற் பயன்பட்ட வாயுக்கள் காபனீரொட்சைட்டிலும் ஆயிரக்கணக்கான மடங்கு வலிமையுடன் பூமியை வெப்பமாக்குவன என்று 1975 ஆம் ஆண்டில் நிறுவினார்.

வாடைக்காற்று வீசும் அம்மாதங்களில், தெற்கு, தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வெளியேறிய கபிலநிறப் புகார் கடலின்மேல் ஏறக்குறைய 1 கோடி சதுர கிலோமீற்றர் பரப்பில், 3 கிலோமீற்றர் உயரம் வரை படர்ந்திருந்ததை அவர்கள் கண்டனர். சோளகம் பெயர்ந்து மழை வந்ததும் அது கழுவப்பட்டுவிடும். அடுத்த வாடையில் மீண்டும் படரும். 2006 ஆம் ஆண்டு மார்ச்சில் இராமநாதன் குழுவினர் ஆளில்லாச் சிறுவிமானங்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பறக்கவிட்டு அளந்தபோது, இப்புகார் கீழ்வளியில் சூரிய வெப்பமூட்டலை ஏறக்குறைய அரைப்பங்கால் அதிகரிப்பது தெரியவந்தது.

2002 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் இதை ஆசியக் கபிலநிற முகில் என்று பெயரிட்டு அறிக்கை வெளியிட்டது. நிலத்திற்கு வரும் சூரிய ஒளி 10 முதல் 15 வீதம் வரை குறையலாம் என்றது அவ்வறிக்கை. இந்தியாவிலிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. நூறாண்டுகளுக்கு மேலாக நிலக்கரியை எரித்துச் செழித்த நாடுகள், ஏழையின் அடுப்பைக் காட்டித் தமது பொறுப்பை மறைக்கின்றன என்பதே எதிர்ப்பின் சாரம். பின்னர் ஆசியா என்ற சொல் நீக்கப்பட்டு வளிமண்டலக் கபிலநிற முகில்கள் என்று பெயர் மாற்றப்பட்டது.

பெயர் மாறினாலும் கேள்வி நின்றது. அது விறகின் கரியா, டீசலின் கரியா? 2009 ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள், பழைய எலும்பின் வயதை அறியப் பயன்படும் காபன்-14 முறையைக் கொண்டு இதற்கு விடை தேடினர். அண்மையில் வளர்ந்த மரத்தில் காபன்-14 உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுள் கிடந்த எண்ணெயிலும் நிலக்கரியிலும் இல்லை. மாலைதீவிலும் மேற்கிந்தியாவிலும் பிடித்த கரியில் அரைப்பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை விறகு, சாணம், பயிர்க்கழிவு போன்றவற்றின் எரிவிலிருந்து வந்தது என்பதே முடிவு. எஞ்சியது எண்ணெய், நிலக்கரி ஆகியவற்றினது. அடுப்பு மட்டும் குற்றவாளி அன்று. அடுப்பு குற்றமற்றதும் அன்று.

மழையைப் பொறுத்தவரை மாதிரியுருக்கள் இன்னும் ஒருமித்த குரலிற் பேசவில்லை. புகாரின் நிழலால் கடல் குளிர்ந்து, ஆவியாதல் குறைந்து, பருவமழை தளரும் என்று 2005 ஆம் ஆண்டு இராமநாதன் குழுவினர் கணித்தனர். இமயத்தின் அடிவாரத்திற் குவியும் கரி அங்குள்ள காற்றைச் சூடாக்கி, ஈரக்காற்றை முன்கூட்டியே ஈர்த்து, பருவத் தொடக்கத்தில் மழையைக் கூட்டும் என்று மறுஆண்டு வேறொரு குழுவினர் கணித்தனர். இரண்டும் ஒரே துகளைப் பற்றிய கணிப்புகளே.

மாறிய எண்கள்

புகைக்கரி பூமியை எவ்வளவு சூடாக்குகிறது என்பதை ஒரு சதுர மீற்றருக்கு எத்தனை வாற்று என்று அளப்பர். 2008 ஆம் ஆண்டு இராமநாதனும் கார்மைக்கலும் இதை 0.9 என்றனர். 2013 ஆம் ஆண்டு 31 விஞ்ஞானிகள் கூடி எழுதிய பெரும் மதிப்பீடு 1.1 என்றது, காபனீரொட்சைட்டுக்கு அடுத்த இடம் கரிக்கே என்றும் கூறியது. ஆனால் அதே மதிப்பீடு, உண்மை விடை 0.17 ஆகவும் இருக்கலாம், 2.1 ஆகவும் இருக்கலாம் என்று ஒளிக்காமல் எழுதியது. 2021 ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.நா. காலநிலைக் குழுவின் அறிக்கை எண்ணை வெகுவாகக் குறைத்தது. அதன் எல்லைக்குள் பூச்சியமும் அடங்குகிறது. கரியால் முகில்களிலும் வளியடுக்குகளிலும் நேரும் விரைவான மாற்றங்கள், அதன் நேரடி வெப்பத்திற் பெரும் பகுதியை ஈடுசெய்துவிடுகின்றன என்று அறியப்பட்டதே இதற்கு முக்கிய காரணம்.

இதைக் கண்டு, விஞ்ஞானிகள் ஆளுக்கொன்று சொல்கின்றனர் என்று சலிப்பது எளிது. கணக்கைத் தாமே பிழைபார்த்துத் திருத்துவது பலவீனம் ஆகாது என்பதே எமது கருத்து. திருத்துவதற்கு வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் அவர்கள் அதைத் தவறவிடவில்லை. 2020 ஆம் ஆண்டு கொரோனா முடக்கத்தின்போது ஐரோப்பாவில் ஊர்திகள் நின்றன. ஜேர்மன் விண்வெளி நிலையத்தின் விமானங்கள் மே, யூன் மாதங்களில் மேலெழுந்து கரியை அளந்தன. 2017 ஆம் ஆண்டு அளவுடன் ஒப்பிடுகையில், கீழ்வளியில் ஏறக்குறைய 40 வீதம் குறைந்திருந்தது. மைன்ஸ் விஞ்ஞானிகள் மாதிரியுருவின் துணையுடன், அக்குறைவின் பெரும் பகுதி முடக்கத்தாலேயே நேர்ந்தது என்று பிரித்துக் காட்டினர். எரிப்பதை நிறுத்தினால் வானம் சில நாட்களிலேயே தெளியும் என்ற கணக்கு கண்ணெதிரே மெய்யாயிற்று.

யாருடைய கரி?

1985 ஆம் ஆண்டு சனவரி 18 ஆம் நாள் ஜேர்மனியின் றூர் பிரதேசத்தின் மேற்குப் பகுதியில் முதன்முறையாக மூன்றாம் நிலைப் புகைமூட்ட எச்சரிக்கை விடுக்கப்பட்டது. தனியார் ஊர்திகள் ஓடத் தடை, தொழிற்சாலைகளுக்குக் கட்டுப்பாடு. எம்மவர் பெருந்தொகையாக இந்நாட்டிற்கு வரத் தொடங்கிய காலம் அது. இன்று டுயிஸ்பேர்க்கிலும் எசனிலும் பிறந்து வளரும் எமது பிள்ளைகளுக்கு அது நம்ப முடியாத கதை. சட்டமும் வடிகட்டியும் எரிபொருள் மாற்றமும் சேர்ந்து அவ்வானத்தை மாற்றின. 2008 ஆம் ஆண்டு சனவரியில் பேர்லின், கேள்ன், ஹனோவர் நகரங்களிற் தொடங்கிய சுற்றாடல் வலயங்களும், ஊர்திக் கண்ணாடியில் ஒட்டும் வர்ணச் சிட்டைகளும் அதே வழியின் தொடர்ச்சியே.

எனினும் கரி இந்நாட்டை விட்டு நீங்கிவிடவில்லை. குளிர்காலத்தில் அழகுக்காகவும் செலவைக் குறைக்கவும் எரிக்கப்படும் விறகு அடுப்புகள் இங்கு இலட்சக்கணக்கில் உள்ளன. 2010 மார்ச்சுக்கு முன்னர் பொருத்தப்பட்ட பழைய அடுப்புகள், விதிவிலக்குப் பெற்றவை தவிர, 2024 ஆம் ஆண்டின் முடிவுக்குள் குறிக்கப்பட்ட அளவுக்குள் வரவேண்டும் அல்லது நிறுத்தப்பட வேண்டும் என்று சட்டம் வகுத்தது. வீடு வாங்கிய எம்மவர் இதைப் புகைபோக்கி துப்புரவு செய்யும் பொறுப்பாளரிடம் கேட்டறிவது நன்று. ஈரவிறகையும் வர்ணம் பூசிய பலகையையும் எரிக்கலாகாது.

ஊரைப் பொறுத்தவரை நாம் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2012 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, சிமினியில்லாத சாதாரணத் திரிவிளக்கில் எரியும் மண்ணெண்ணெயில் 7 முதல் 9 வீதம் அப்படியே புகைக்கரியாக மாறுகிறது என்று அளந்து காட்டியது. அதுவரை மாதிரியுருக்களுக்குக் கொடுக்கப்பட்ட அளவோ அரை வீதம் மட்டுமே. எமது பிள்ளைகள் படித்த விளக்கு, உலகக் கணக்கில் பத்து மடங்குக்கு மேல் குறைத்து எழுதப்பட்டிருந்தது. சிமினி பொருத்திய அரிக்கன் லாம்பு இதிலும் வெகு குறைவாகவே கரி கக்கும். அன்று பொருளாதாரத் தடை எமக்கு அத்தெரிவை விட்டுவைக்கவில்லை.

பழியைப் பங்கிடும் வேளையில் இதை மறக்கலாகாது. குப்பி விளக்கை ஏற்றிய தாய் காலநிலையைக் கெடுக்க எண்ணியவள் அல்லள், வேறு வழியற்றவள். பூமியை நூற்றாண்டுகளுக்குச் சூடாக்கும் காபனீரொட்சைட்டின் பெரும்பகுதி அவளுடையதும் அன்று. அக்கடனைச் செல்வந்த நாடுகளே தீர்க்கவேண்டும். ஆனால் அவளது அடுப்புப் புகை முதலிற் கொல்வது அவளையும் அவள் மடியிற் கிடக்கும் குழந்தையையுமே. வீட்டுக்குள் எழும் புகையால் 2020 ஆம் ஆண்டில் உலகில் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. காலநிலைக் கணக்கில் எந்த எண் ஏறினாலும் இறங்கினாலும் இந்த எண்ணுக்கு மறுப்பில்லை. காபனீரொட்சைட்டைக் குறைக்கும் கடமையைத் தள்ளிப்போடக் கரியைச் சாட்டாக்குவதும் கூடாது; மாதிரியுருக்கள் இன்னும் ஒன்றுபடவில்லை என்று அடுப்பை அப்படியே விட்டுவிடுவதும் கூடாது.

ஊரிலிருக்கும் உறவுகளுக்கு நாம் இங்கிருந்து பணம் அனுப்புகிறோம். வீடு கட்ட அனுப்புகிறோம். கோயிற் திருவிழாவுக்கு அனுப்புகிறோம். அடுத்த முறை அனுப்பும்போது, அடுக்களைக்கு ஒரு புகைபோக்கியும் காற்றோட்டமான நல்ல அடுப்பும் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்போம். அம்மாவின் கண்ணெரிச்சலும் இருமலும் குறைவது அந்த வீட்டிலேயே தெரியும். வானத்திற்குப் போகும் கரி குறைவதை மைன்ஸிலும் ஹம்பேர்க்கிலும் கணிப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.